பருவுக்கு மருந்து வேண்டும், கறுப்புக்கு வேண்டாம்

ஆணவக் கொலை நடக்கிற நாட்டில், மலக்குழியில் ஆட்கள் சாகிற நாட்டில், முகப்பருவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்கிற தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஒதியம்பட்டிலும் வில்லியனூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் என்னைத் தேடி வருகிற பிள்ளைகள் கல்வி உதவித்தொகைக்காக வருவார்கள், சாதிச் சான்றிதழுக்காக வருவார்கள். பேசி முடித்து எழுந்து, செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள்: "அக்கா, இந்த மூஞ்சிக்கு என்ன போடலாம்?" பெண்கள் மட்டுமல்ல, மீசை அரும்புகிற பையன்களும் கேட்கிறார்கள்.

உதவித்தொகையை உரிமையாகக் கேட்கிற பிள்ளை, முகத்துக்கு மருந்தைக் குற்றம் செய்தவர் போல ரகசியமாகக் கேட்கிறது. அந்த ரகசியத்தை வைத்துப் பெரிய சந்தை நடக்கிறது. அந்தச் சந்தையைப் பற்றி நம் மேடைகள் பேசுவதில்லை. "கறுப்பே அழகு" என்று ஒரு கோஷத்தைச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகின்றன. மருந்துக்கடைக்காரரோ கோஷம் போடுவதில்லை. ஒரு டியூபை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

நான் சொல்ல வருவது இதுதான். பரு ஒரு நோய். அதற்கு மருத்துவம் நம் உரிமை. கறுப்பு நோயே அல்ல. அதற்கு மருந்து விற்பவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள். இந்த இரண்டையும் ஒரே டியூபுக்குள் அடைத்து விற்பதுதான் இன்றைய வியாபாரம். அதைப் பிரித்துக் காட்ட வேண்டிய வேலை நம்முடையது.

"மூஞ்சி கழுவுறதில்லையா?"

பரு வந்த பிள்ளையிடம் முதலில் கேட்கப்படுவது இதுதான். வகுப்பில் ஆசிரியர் கேட்பார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கேட்பார். ஊர்த்தெருப் பிள்ளையிடம் கேட்டால் அது வெறும் கேள்வி. காலனிப் பிள்ளையிடம் கேட்டால் அது தீர்ப்பு. "அதுங்க சுத்தமா இருக்காதுங்க" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த வாய்க்கு, பரு ஒரு சாட்சியாகக் கிடைக்கிறது. தீட்டு என்று வெளிப்படையாகச் சொன்னால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். சுத்தம் என்று சொன்னால் அறிவுரை ஆகிவிடும்.

அறிவியல் என்ன சொல்கிறது? பருவ வயதில் ஹார்மோன் மாறுகிறது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கின்றன. மயிர்க்கால்களின் வாய்ப்பகுதியில் செத்த செல்கள் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழ்கிற ஒரு பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடம்பு எதிர்வினை காட்டுகிறது, வீங்குகிறது, சிவக்கிறது, சீழ் வைக்கிறது. இந்த நான்கு படிகளில் எங்கேயும் அழுக்கு இல்லை. கரும்புள்ளி என்று நாம் பிதுக்கியெடுக்கிறோமே, அதன் கறுப்புகூட மண்ணோ தூசியோ அல்ல. காற்றுப்பட்டு நிறம் மாறிய எண்ணெயும் நம் தோலின் நிறமியும்தான். ஒரு நாளைக்குப் பத்து முறை சோப்புப் போட்டுத் தேய்த்தால் பரு குறையாது. தோல் வறண்டு, எரிச்சல் கூடி, நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

விடலைப் பருவத்தில் பெரும்பான்மையோருக்கு வருகிற நோய் இது. ஐயர் வீட்டுப் பிள்ளைக்கும் வரும், ரெட்டியார் வீட்டுப் பிள்ளைக்கும் வரும், நம் வீட்டுப் பிள்ளைக்கும் வரும். வந்த பிறகு நடப்பதில்தான் சாதியும் காசும் நுழைகின்றன. ஒரு வீட்டில் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போகிறார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கல்லூரி பஸ் ஏறுகிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு ஆசிரியர் "மூஞ்சி கழுவுறதில்லையா" என்று கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: "கழுவுறேன் சார். இது அழுக்கு இல்ல, ஹார்மோன்." ஒரு வகுப்பில் ஒரு முறை சொன்னால் போதும். மற்ற பத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சாதிக்கு நிறம் உண்டா?

சாதிக்கு நிறம் இல்லை. இதை நமக்கு அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து சாதியை இனமாக வகுத்தார். அப்படி எடுக்கப்பட்ட அளவுகளையே கையில் எடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர்தான் என்று 1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். கறுத்த பார்ப்பனர்கள் இருக்கிறார்கள். வெளுத்த தலித்துகள் இருக்கிறார்கள். நம் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

ஆனாலும் முகத்தைப் பார்த்துச் சாதியைக் கணிக்கிற பழக்கம் போகவில்லை. "உன்னப் பாத்தா அந்த ஆளுங்க மாதிரியே தெரியல" என்று பாராட்டாகச் சொல்கிறார்களே, அதைக் கேட்காத படித்த தலித் இளைஞர் உண்டா? அந்த ஆட்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு படம் அவர்கள் மனதில் இருக்கிறது. கறுத்த, எண்ணெய் வழிகிற, குழிவிழுந்த முகம் அது. அந்தப் படத்தைத் தமிழ் சினிமா ஆண்டுக்கணக்காகத் தீட்டிக் கொடுத்திருக்கிறது. நாயகியை மும்பையிலிருந்து கொண்டுவருவார்கள். அடியாளுக்கு மட்டும் சேரி முகம் வேண்டும், கன்னத்தில் தழும்பு வேண்டும். அப்படி வளர்ந்த கண்ணோடுதான் போலீஸ்காரர் வண்டிச் சோதனையில் நிற்கிறார். இரண்டு பையன்கள் ஒரே வேகத்தில் வந்தால், யாருடைய வண்டி ஓரங்கட்டப்படும் என்று கேட்டுப் பாருங்கள். முகத்தில் குழி விழுந்த பையன்கள் பதில் சொல்வார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் தனிப் பாடம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த நகரத்தை வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே பெயர் வைத்துப் பிரித்தார்கள். நடுவே வாய்க்கால். கறுப்பு நகரத்துக்குள் தெருவுக்கொரு சாதிப்பெயர். வெள்ளாளர் வீதியும் கோமுட்டி வீதியும் இன்றும் இருக்கின்றன. சேரி இரண்டுக்கும் வெளியே இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். வெள்ளை நகரம் என்ற பெயர் மட்டும் சுற்றுலா விளம்பரத்தில் பளபளப்பாக நிற்கிறது. அந்தத் தெருக்களின் ஓட்டல்களிலும் நகரத்துத் துணிக்கடைகளிலும் முன்னால் நின்று வரவேற்கிற வேலை யாருக்குக் கிடைக்கிறது, பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை யாருக்குக் கிடைக்கிறது? "பார்க்க நல்லா இருக்கணும்" என்ற ஒரு வரியில் எத்தனை பேர் கழிக்கப்படுகிறார்கள்? வேலைக்குப் போக முகம் வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது வீண் ஆசை அல்ல. அது வயிற்றுப்பாடு.

இதே மண்ணிலிருந்துதான் சான் ரேச்சல் வந்தார். கறுப்புத் தோலோடு அழகிப்போட்டி மேடை ஏறி, நிறவெறிக்கு எதிராகப் பேசிய புதுச்சேரிப் பெண். 2025 ஜூலையில், 26 வயதில் அவரை இழந்துவிட்டோம். அவர் பேசியதையாவது நாம் விட்டுவிடாமல் பேச வேண்டும்.

நாற்பது ரூபாய் டியூப்

இப்போது சந்தைக்கு வருவோம். நான் பார்க்கிற பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப ஒரே கதையைக் கேட்கிறேன். ஒரு கல்லூரி மாணவியின் கதையை மட்டும் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். பருவுக்கு என்ன போடலாம் என்று பக்கத்து மருந்துக்கடையில் கேட்டார். சீட்டு கேட்காமல், வயது கேட்காமல், ஒரு சின்ன டியூப் கொடுத்தார்கள். நாற்பது ரூபாய்க்குக் கீழே. மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. பரு அமுங்கியது, நிறமும் ஒரு படி வெளுத்தது. சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். அவரிடம் கேட்டு இன்னும் நான்கு பெண்கள் அதே டியூபை வாங்கினார்கள்.

ஆறு மாதத்தில் கன்னம் சிவந்தது. வெயிலில் நின்றால் எரிந்தது. மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரிந்தன. தாடையில் ரோமம் வளர்ந்தது. பழைய பருவைவிட மோசமான பரு, நெருக்கமாக, ஒரே அளவில் கிளம்பியது. பயந்து நிறுத்தினார். இரண்டே நாளில் முகம் தீப்பிடித்தது போல எரிந்தது. மறுபடி தடவினார், அடங்கியது. நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. அந்தப் பருவத் தேர்வை அவர் எழுதவில்லை. அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவரிடம் போன பிறகு, முகம் அமைதியாகப் பல மாதங்கள் பிடித்தன.

அந்த டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று பல பெயர்களில் வரும். எக்சிமா போன்ற நோய்களுக்கு, மருத்துவர் சொல்கிற இடத்தில், சொல்கிற நாட்கள் மட்டும் போட வேண்டிய நல்ல மருந்து அது. வீக்கத்தை அடக்கும், ரத்தக் குழாயைச் சுருக்கும். அதனால்தான் முதல் சில வாரம் முகம் தெளிந்தாற்போலவும் வெளுத்தாற்போலவும் தெரிகிறது. பருவின் காரணத்தை அது தொடுவதே இல்லை. அடியில் தோல் மெலிந்துகொண்டே போகிறது. இதற்குத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மருந்தின் தவறான உபயோகத்துக்குத் தனி நோய்ப்பெயர் வைக்கிற அளவுக்கு இந்த நாட்டில் அது பரவியிருக்கிறது.

2011-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, நாடு முழுவதும் 12 தோல்நோய் மையங்களில், முகத்தில் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. வெளுக்கவும் பொதுவான முகக் க்ரீமாகவும் போட்டவர்கள் ஒரு பங்கு, பருவுக்காகப் போட்டவர்கள் இன்னொரு பங்கு. கடைசியில் அவர்களிடம் அதிகம் காணப்பட்ட பக்கவிளைவு எது தெரியுமா? பருதான். பருவுக்கு மருந்து என்று விற்கப்பட்டது பருவைத் தந்தது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தோலில் தடவுகிற ஸ்டீராய்டுகளுக்கு இருந்த விலக்கை 2018-இல் மத்திய அரசு நீக்கியது. 14 மருந்துகள் 'எச்' அட்டவணைக்குள் வந்தன. அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டு கேட்கிற கடைகளை நம் ஊர்களில் எண்ண ஒரு கை போதும்.

ஸ்டீராய்டாவது பெயர் போட்ட டியூபில் வருகிறது. பெயரே இல்லாமல், எங்கே தயாரானது என்றே இல்லாமல், இணையத்திலும் அழகுநிலையங்களிலும் விற்கிற வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்ததைப் பாருங்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு மருத்துவமனைக்கு வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை இருந்தது. விசாரித்தபோது 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கியது. பாதரசம் சேர்த்த அழகுப்பொருட்களை 2025-க்குள் ஒழிப்பதாக மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் முடிவெடுத்தன. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. முடிவு ஜெனீவாவில் இருக்கிறது, க்ரீம் நம் அலமாரியில் இருக்கிறது.

1975

சமூகவியல் மாணவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரே ஆண்டில் தோல் தொடர்பாக மூன்று காரியங்கள் நடந்தன.

ஒன்று, இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' சந்தைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, பூசினால் இரண்டும் கிடைக்கும் என்று பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டை ஒரு போலீஸ்காரர் கொன்று, உலகமே தெருவில் இறங்கிய பிறகு, 2020 ஜூலையில் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். இங்கே இத்தனை வருடமாக நம் பெண்கள் அவமானப்பட்டது கணக்கில் வரவில்லை. சென்னையில் 2009-இலேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் தொடங்கியும் அசையாதவர்கள், அந்த வாரம் அசைந்தார்கள். அதே நேரத்தில் ஜான்சன் அண்ட் ஜான்சனும் ஒரு பொருளை நிறுத்தியது. பரு வராமல் முகம் கழுவ என்று பள்ளிப் பிள்ளைகளிடம் பிரபலமான 'கிளீன் அண்ட் கிளியர்' பெயரில் விற்ற ஃபேர்னஸ் க்ரீம் அது. பருவும் கறுப்பும் ஒரே அலமாரிக்கு வந்தது எப்படி என்று இப்போது புரிகிறதா?

இரண்டு, அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் தோலின் நிறத்தைக் குறைக்க ஒரு கலவையை வெளியிட்டார்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், டெக்சாமெத்தசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. மங்கு போன்ற சில நோய்களுக்குக் குறுகிய காலம், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கவேண்டிய மருந்து. ஸ்டீராய்டை மட்டும் மாற்றி, அதே கூட்டணி இன்று நம் ஊர்க் கடைகளில் 'பருத் தழும்பு க்ரீம்' என்று கைமாறுகிறது. இந்தக் கிளிக்மேன்தான் டிரெட்டினாயினைப் பருவுக்கு மருந்தாக வளர்த்தவர்; 1971-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அவர் ஆய்வு நடத்திய இடம் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறை. 1951 முதல் 1974 வரை அங்கே கைதிகளின் முதுகிலும் கையிலும் மருந்துகளையும் ரசாயனங்களையும் தடவிச் சோதித்தார்கள். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சில டாலர் கூலிக்கு அவர்களுடைய தோல் வாடகைக்குப் போனது. அந்தச் சிறைக்குள் நுழைந்தபோது மனிதர்கள் அவர் கண்ணில் படவில்லை, ஏக்கர் கணக்கில் தோல்தான் பட்டது என்று அவரே பின்னாளில் சொன்னார். பிலடெல்பியா நகரம் 2022-இல்தான் மன்னிப்புக் கேட்டது.

மூன்று, ஹார்வர்டு மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் தோலை வகை பிரித்து ஓர் அளவுகோல் செய்தார். வெயிலில் யாருக்கு எவ்வளவு சிவக்கும், எவ்வளவு கறுக்கும் என்று வெள்ளைத் தோலை வைத்து வகுத்தது. நம் தோலுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகு சேர்க்கப்பட்டவை. உலகின் பெரும்பகுதி மனிதர்களின் தோல், பின்னிணைப்பாக நுழைந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். கறுத்த உடம்பின் மேல் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். வெளுத்த உடம்பை அளவாக வைத்தார்கள். கறுத்த உடம்புக்கு வெளுப்பை விற்றார்கள். அதனால் டிரெட்டினாயினைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதிர்ப்பக்கமாகச் சொல்கிறேன். அந்த மருந்துக்கு நம்மைப் போன்றவர்கள் தோலால் விலை கொடுத்திருக்கிறார்கள். அதன் பலன் முறையாக, பாதுகாப்பாக, இலவசமாக நம்மிடம் வந்து சேர வேண்டும்.

"முகத்தை மாற்றாதே, சமூகத்தை மாற்று"

நம் தோழர்களின் மறுப்புக்கு வருகிறேன். சிகிச்சை எடுப்பது ஆதிக்கத்தின் அழகுக்கு அடிபணிவது என்கிறார்கள். பல்வலி வந்தால் பல் டாக்டரிடம் போகிற தோழர், கண் மங்கினால் கண்ணாடி போடுகிற தோழர், பருவுக்கு மட்டும் பிள்ளைகளைப் புரட்சி வரை காத்திருக்கச் சொல்வது என்ன நியாயம்? சீழ் வைத்த பரு வலிக்கும். தலையணையில் கன்னம் வைத்துத் தூங்க முடியாது. மருத்துவம் செய்யாவிட்டால் வாழ்நாள் முழுக்க நிற்கிற குழிகளை விட்டுப்போகும். மனச்சோர்வுக்குக் கொண்டுபோகும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு இருக்கிறது. அவர்கள் நோய் என்று ஒத்துக்கொண்டதை நாம் ஏன் ஒப்பனை என்று ஒதுக்குகிறோம்?

"கறுப்பே அழகு" என்ற கோஷத்திலும் ஒரு குறை இருக்கிறது. அழகாக இருந்தால்தான் மதிப்பு என்பதை அது ஏற்றுக்கொண்டுவிடுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிற பழமொழியைக் கவனியுங்கள். காக்கையைத் தேற்றுகிற வார்த்தையில்கூட உயர்ந்தது பொன்னின் நிறம்தான். அழகோ இல்லையோ, குழி விழுந்ததோ வழவழப்போ, ஒரு முகத்துக்கு மரியாதை பிறப்பிலேயே இருக்கிறது. அந்த மரியாதைக்காகப் போராடுவோம். அதோடு கூடவே வலிக்கிற தோலுக்கு மருந்தும் கேட்போம். தழும்பை அப்படியே விட்டுவிடுகிறேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதையும் மதிப்போம். முடிவு அவருடையதாக இருக்க வேண்டும், கையில் காசில்லாமல் வந்த முடிவாக இருக்கக் கூடாது.

எது சிகிச்சை, எது வெளுப்பு என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. "பரு போகும், தழும்பு மறையும், நிறமும் கூடும்" என்று மூன்றையும் ஒரே க்ரீம் சொன்னால் அதைக் கீழே வையுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

பரு போன இடத்தில் நிற்பது இரண்டு வகை. ஒன்று கறை: தோல் சமமாக இருக்கும், நிறம் மட்டும் கறுத்திருக்கும். நம் தோலில் நிறமி அதிகம். ஒரு சின்ன காயம் பட்டாலும் நிறமியைக் கொட்டிவிடும். அதனால் நமக்குக் கறை அழுத்தமாக விழும், நாள்பட நிற்கும். ஆனால் பெரும்பாலும் பல மாதங்களில் தானாகவே மங்கும். பிதுக்கினால், தேய்த்தால், எலுமிச்சைச் சாறும் பற்பசையும் போட்டால் இன்னும் கறுக்கும். வெயில் பட்டாலும் கறுக்கும். சன்ஸ்கிரீன் ஒரு டியூப் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். 2025-26-இல் நமக்கு அந்தக் கூலி 336 ரூபாய். வாங்க முடியாதவர்கள் குடையையும் அகலத் தொப்பியையும் வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். வயலில் நிற்கிற நம் அம்மாக்கள் தலையில் துண்டு போடுவது நல்ல மருத்துவம்தான்.

இரண்டாவது தழும்பு: குழி விழுந்தது, அல்லது மேடு தட்டியது. எந்தக் க்ரீமும் குழியை நிரப்பாது. அதற்குச் செய்முறைகள் இருக்கின்றன: நுண்ணூசியால் தோலைத் தூண்டுவது, தழும்புக்கு அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடுவது, ஆழமான சிறு குழிக்குள் மட்டும் அமிலம் வைப்பது, லேசர். முழுதாக மறையாது, பலருக்கு நன்றாகக் குறையும். பல முறை போக வேண்டும். பரு அடங்கிய பிறகுதான் இவற்றைத் தொடங்க வேண்டும். கறுத்த தோலில் லேசர் தவறினால் புதிதாகக் கறை விழும். ஆகவே அழகுநிலையத்தில் சலுகை விலை என்று முகத்தைக் கொடுக்காதீர்கள். மேடு தட்டுகிற தழும்புக்கு மருத்துவர் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார். அது சரியான உபயோகம்.

தழும்பு வராமலிருக்க ஒரே வழி பருவுக்குச் சீக்கிரம் மருந்து எடுப்பது. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், டிரெட்டினாயின், தேவைப்பட்டால் மாத்திரை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். மூன்றே நாளில் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கடுமையான பருவுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் கர்ப்ப காலத்தில் எடுத்தால் குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரும். கடையில் நீங்களாக வாங்கவே கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டுத் தனியாகத் தவிக்காமல், டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். கோரிமேடு ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது, கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "பருவுக்காகவா வந்தே?" என்று யாராவது சிரித்தால், ஆமாம் என்று சொல்லுங்கள்.

நம் கோரிக்கைகள்

ஒரு பருவுக்காக ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர் போய், பஸ் மாறிக் கோரிமேடு போனால் ஒரு நாள் படிப்பும் ஒரு நாள் கூலியும் போகிறது. அதனால்தான் நாற்பது ரூபாய் டியூப் ஜெயிக்கிறது. ஆகவே கேட்போம்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தோல் மருத்துவர் வாரம் ஒரு நாளாவது வர வேண்டும். பருவுக்கான அடிப்படை மருந்துகள் அங்கேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஒப்பனைச் சிகிச்சை என்று ஒதுக்குகிற பட்டியலிலிருந்து கடுமையான பருத் தழும்பை வெளியே எடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு விற்கிற கடைகள் மேல் புதுச்சேரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பாவது எடுத்து, பரு அழுக்கு அல்ல என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டே சும்மா இருக்கவும் வேண்டாம். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற கறுப்பின மருத்துவ மாணவர், பாடப்புத்தகப் படங்களில் எல்லாம் வெள்ளைத் தோலே இருக்கிறதே என்று கேட்டு, கறுத்த தோலில் நோய்கள் எப்படித் தெரியும் என்று காட்டுகிற கையேட்டை ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2020-இல் வெளியிட்டார். அவர் அப்போது மாணவர்தான். நம்மிடம் செவிலியர் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், மருந்தியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்பேத்கர் இரவுப் பள்ளிகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். ஒவ்வொரு வீட்டு அலமாரியிலிருந்தும் முக க்ரீம்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைச் சத்தமாகப் படியுங்கள். 'சோன்' என்றும் 'சால்' என்றும் முடிகிற பெயர்களைத் தனியாக எடுத்து வைத்து, தெரிந்தவர்களைக் கொண்டு சரிபாருங்கள். சீட்டு இல்லாமல் வாங்கியவை எத்தனை என்று எண்ணி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மனுவாகக் கொடுங்கள். முப்பது வீட்டின் கணக்கு ஒரு மேடைப் பேச்சைவிட வலுவானது.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு டியூபின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்பிப்பதும் அதில் அடக்கம்.

ஜெய் பீம்!